மூடுவிழாவும் தூங்கும் பெட்டியும்

எங்கள் லீடருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் மூடுவிழா. யார் எந்தப் பிழையைப் புகாராகப் பதிந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் அதை மூடிவிடுவார். சரிசெய்துவிட்டு மூடினால் கும்பிடு போடலாம். அவர் சும்மா மூடுவார். 'என் மேசையில் இந்தப் பிரச்சினை வரவில்லை' என்று ஒரு வரி எழுதுவார், மூடுவார். மேலே இருப்பவர்களுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். திறந்து கிடக்கும் பிழைகள் குறைந்தால் பொருள் நன்றாக இருக்கிறது என்று நம்பும் அறிவாளிகள் அவர்கள்.

நாங்கள் செய்வது பேச்சுப் பெட்டி. வாய்பேச முடியாதவர்கள் மடியில் வைத்துக்கொள்வது. அதில் படங்கள் போட்ட தொடுபலகை ஒன்று இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் பெட்டி அவர்களுக்காகப் பேசும். பெட்டி சின்னது என்பதால் பேட்டரியும் சின்னது. வேலையில்லாத பாகத்தை அவ்வப்போது தூங்கவைத்தால்தான் ஒரு நாள் ஓடும். அந்தத் தூக்கத்தைக் கவனிக்கும் நிரல்தான் டிரைவர். அதை எழுதுவதுதான் என் பிழைப்பு.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பாகத்தை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று டிரைவர் ஒரு கணக்கு வைத்திருக்கும். யாராவது பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். யாருமே பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பாகத்தைத் தூங்க விடலாம். யாராவது தொட்டால் எழுப்ப வேண்டும். அறையை விட்டு வரும்போது விளக்கை அணை என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்த அளவு புத்தி இருந்தால் போதும். அந்த அளவுகூட இல்லாதவர்கள் என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் பெட்டிகளில் ஒன்று என் அக்காவின் மடியில் இருக்கிறது.

அக்கா தொலைபேசி நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்பாள். கத்த வந்த வாடிக்கையாளர்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பார்கள். போன வருடம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சு போயிற்று. உடம்பில் அவள் சொன்னபடி கேட்பது இப்போது இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும்தான். அதையும் தூக்கி ஓர் இடத்தில் வைப்பதற்குள் நெற்றியில் வியர்த்துவிடும். ஒரு தடவை வைத்தால் மறு தடவை வைக்க வெகுநேரம் ஆகும்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தி அவளைச் சோதித்தாள். அக்காவுக்குப் புரிகிறதா, தனக்கு வேண்டியதைத் தானே சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. முடியும் என்றால் இனி எங்கே, யாரோடு இருப்பது என்பதை அக்காவே சொல்லலாம். முடியாது என்றால் அவளுக்காக அத்தான் முடிவு செய்வார். அத்தான் எதையாவது முடிவு செய்து நான் பார்த்ததில்லை. திரைச்சீலைக் கடையில் விற்பனையாளர். வாய் ஓயாது. காலையில் பல் துலக்கும்போதே பேச ஆரம்பித்தால் ராத்திரி குறட்டையில்தான் நிற்கும். வீட்டில் டிவி எப்போதும் ஓடும், அதோடும் பேசுவார். அப்படிப்பட்ட சந்தைக்கடையில் என் அக்கா கிடக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டில் அவளுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தேன். வெள்ளைச் சுவர், ஜன்னலோரக் கட்டில், சத்தமே இல்லாத தெரு. சோதனையில் தேறிவிட்டால் அவள் அங்கேதான் வருவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் சோதனைக்கு நானும் போயிருந்தேன். பயிற்சிக்கார அம்மா நிதானமாக, அழகாகக் கேட்டாள். "இது உங்க வீட்டுக்காரரா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அறையில் ஒரு சத்தம் இல்லை. அக்காவின் விரல் எழுந்தது, நடுங்கியது, 'ஆமாம்' படத்தின் மேல் இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன். பெட்டி வாயைத் திறக்கவில்லை. அவள் விரலை மறுபடி தூக்குவதற்குள் அந்த அம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கடைசிவரை அதே கதைதான். 'பதில் இல்லை' என்று எழுதினாள். நான் சண்டை போட்டு இன்னொரு சோதனைக்கு நாள் வாங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை.

அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய்ப் பிழையைப் பதிந்தேன். மூடுவிழா அதை மூடிவிட்டு, ஆறுதல் சொல்ல என் மேசைக்கு வந்தார்.

"என் டேபிள்ல நூறு தடவை அழுத்திப் பார்த்தேங்க. நூறு தடவையும் பேசுது."

"அங்க பேசலை சார். நான் பக்கத்துலயே இருந்தேன்."

"விரல் சரியாப் பட்டிருக்காது. இன்னொரு தடவை அழுத்தச் சொல்லுங்க."

"இன்னொரு தடவை அழுத்த முடிஞ்சா அவ எதுக்கு சார் இந்தப் பெட்டியை வச்சிருக்கா?"

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா, மனசு கஷ்டத்துல இருக்கும்போது நமக்கு நடக்காததும் நடந்த மாதிரி தெரியும்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காது கேட்க நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் என் மேசையிலும் அந்தப் பெட்டி கிளிப்பிள்ளை மாதிரி பேசிக்கொண்டேதான் இருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கடைக்கு வந்த ஒரு தம்பதியின் கதையை அளந்துகொண்டிருந்தார். கணவனுக்கு நீலம் வேண்டுமாம், மனைவிக்கு மஞ்சள் வேண்டுமாம், கடைசியில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் போய்விட்டார்களாம். கதையில் எதுவும் இல்லை. ஆனாலும் அதை முடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

"வாம்மா. உங்க அக்கா இன்னிக்கு நல்லாப் பேசறா. தண்ணி கேட்டா, டிவியை மாத்தச் சொன்னா."

"பெட்டியிலயா?"

"பின்ன? என்கிட்ட எப்பவும் நல்லாத்தான் பேசும். அந்தம்மாகிட்ட போனாத்தான் வாயை மூடிக்குது."

எனக்குப் பொறி தட்டியது. ஆனால் தட்டியது நல்ல பொறி இல்லை. இவரே அவள் விரலைப் பிடித்து அழுத்திவிட்டு, அவள் பேசினாள் என்று சொல்கிறார் என்று நினைத்தேன். தனக்கு வேண்டியதையெல்லாம் அவள் வாயில் போட்டுவிடும் ஆள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இவளுக்கும் காபி போடட்டுமா?" என்று அவர் அக்காவைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. நீலம் மஞ்சள் கதையைத் தொடர்ந்தார். ஒரு கை பெட்டியின் மேல் கிடந்தது. படமே இல்லாத ஓரத்தில் அவர் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அவர் அக்காவைத் தொடவில்லை. அவள் விரல் தானாக எழுந்து, தானாக இறங்கியது. 'ஆமாம்' என்றது பெட்டி, ஒரே அழுத்தலில்.

நான் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கதையோடு அது போட்ட தாளமும் நிற்கவில்லை. தாளம் நிற்காததால் தொடுபலகைக்குத் தூங்க நேரமே கிடைக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். தூங்காத பலகை முதல் அழுத்தலையே கேட்டுவிடுகிறது. பயிற்சிக்கார அம்மாவின் அமைதியான அறையில் பலகை தூங்கிப்போகிறது. அதன்மேல் விழும் முதல் அழுத்தல் அதை எழுப்புவதோடு காணாமல் போய்விடுகிறது.

காபி வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

அப்படியானால் எங்கள் மேசைகளில் ஏன் வரவில்லை? மறுநாள் உட்கார்ந்து பார்த்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க நாங்கள் எல்லோரும் அதைக் கணினியோடு ஒரு கேபிளால் இணைத்துத்தான் வேலை செய்வோம். அந்த கேபிள் செருகியிருக்கும்வரை அதுவும் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள்தான். கணக்கில் எப்போதும் ஒன்று மிச்சம் இருக்கும், பலகை தூங்காது. தூக்கத்தில் என்ன கோளாறு என்று பார்க்க, தூங்கவிடாமல் பிடித்து உலுக்கிக்கொண்டே பார்த்திருக்கிறோம். எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடத் தூங்கும் பெட்டியை ஒரு நாளும் பார்த்ததில்லை. இதற்கு வாரா வாரம் கூட்டம், கூட்டத்துக்கு பிஸ்கட் வேறு.

கேபிளைப் பிடுங்கினேன். அரை நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலகை விழித்திருப்பதைக் காட்டும், பெட்டி மூலையில் இருந்த பச்சை விளக்கு அணைந்தது. ஒரு தடவை தொட்டேன். விளக்கு எரிந்தது. பெட்டி பேசவில்லை.

நிரலில் பலகையை எழுப்பும் இடத்தைத் திறந்தால் மூடுவிழாவின் கைவண்ணம். பலகை தூங்கினாலும், யாராவது தொட்டால் எந்த இடத்தில் தொட்டார்கள் என்பதைத் தன் குட்டி நினைவில் குறித்து வைத்துக்கொண்டுதான் எழுகிறது. பாவம், அது ஒழுங்கான பிறவி. எழுந்ததும் முதல் வேலையாக அந்த நினைவைத் துடைத்துவிடும்படி எழுதி வைத்திருந்தார் நம்ம ஆள். எப்போதோ ஒரு தடவை அதில் குப்பை வந்ததாம். குப்பை ஏன் வந்தது என்று பார்க்கச் சோம்பல். பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: 'முதல் தொடுதல் போனால் போகட்டும். மறுபடி அழுத்துவார்கள்.'

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேபிள் இல்லாமல், விளக்கு அணையும்வரை அவரையும் நிற்கவைத்தேன். அவரால் சும்மா நிற்க முடியவில்லை, இரண்டு தடவை கை நீட்டினார், இரண்டு தடவையும் கையைத் தட்டிவிட்டேன். விளக்கு அணைந்தது. "இப்ப தொடுங்க சார்" என்றேன். தொட்டார். பெட்டி மௌனமாக இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் அசருகிற ஆளா. மத்தியானத்துக்குள் ஒரு வரியில் சரிசெய்துவிட்டேன் என்று வந்து நின்றார். பார்த்தேன். பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் பலகையை ஒரு தடவை பிடித்துக்கொள்கிறது. அப்புறம் விடுவதே இல்லை. கணக்கு ஒருபோதும் பூஜ்யத்துக்கு வராது, பலகை ஒருபோதும் தூங்காது. அத்தானின் கட்டைவிரலை நிரலாக எழுதிவிட்டு, அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்: நிரந்தரத் தீர்வு.

"பேட்டரி என்ன ஆகும் சார்?"

"கொஞ்சம் கூட ஆகும்."

"மத்தியானத்துக்கு மேல பெட்டி செத்துடும். சாயங்காலம் தண்ணி வேணும்னா அவங்க எப்படிக் கேப்பாங்க?"

"சார்ஜ்ல போட்டுக்கட்டும்."

"கையைத் தூக்க முடியாதவங்க சார்ஜ்ல போட்டுக்கணும். சரி."

"இங்க பாருங்க, அடுத்த வெளியீட்டுக்கு நிரலையெல்லாம் பூட்டியாச்சு. ஒரு வரிக்கு மேல யாரும் தொடக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. உங்களுக்கு அவ்வளவு அக்கறைன்னா உங்க அக்கா பெட்டியில மட்டும் என்ன வேணா போட்டுக்கோங்க. நான் எதையும் பார்க்கலை."

பார்க்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்த ஒன்றையாவது எனக்காகச் செய்தாரே என்று விட்டுவிட்டேன்.

நான் எழுதியது அதிகம் இல்லை. தொட்டால் எழுப்பு. முழுசாக எழும்வரை காத்திரு. குறித்து வைத்ததைத் துடைக்காதே, படி. படித்துச் சொல்லி முடிக்கும்வரை பிடியை விடாதே. அப்புறம் மறக்காமல் விடு. அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பிடித்தேன். படிப்பதில் கோளாறு வந்தால் திரும்பிவிடும் பாதை ஒன்றில், பிடித்ததை இரண்டு தடவை விட்டிருந்தார் பெரிய மனுஷர். கணக்கில் ஒன்று கூடுதலாகக் குறைந்து, படித்துக்கொண்டிருக்கும்போதே பலகை தூங்கிப்போய் அரைகுறையாக ஏதோ உளறியிருக்கிறது. அதையும் திருத்தினேன். வியாழக்கிழமை அக்காவின் பெட்டியில் ஏற்றி, விளக்கு அணைய அணைய மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முதல் தொடுதலுக்கும் பேசியது. இந்தப் பெட்டியில் இனி எது நடந்தாலும் நான்தான் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் நாலு பேர் இருந்தோம். பயிற்சிக்கார அம்மா, சக்கர நாற்காலியில் அக்கா, சுவரோரம் நானும் அத்தானும். போகிற வழியிலேயே அத்தானுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"பேசக் கூடாது. பெட்டியைத் தொடவே கூடாது."

"தொடாம எப்படிம்மா, அவளுக்குப் பழக்கம்..."

"அத்தான்."

"சரிம்மா. நான் வாயே திறக்கலை."

அவர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன் போல உட்கார்ந்திருந்தார். எனக்கு அதில் ஒரு குரூரமான திருப்தி இருந்தது.

"இவர் உங்க வீட்டுக்காரரா?"

அமைதி. பச்சை விளக்கு அணைந்தது. அக்காவின் விரல் எழுந்தது, இறங்கியது. விளக்கு எரிந்தது.

"ஆமாம்" என்றது பெட்டி.

பயிற்சிக்கார அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னைக் காட்டி, "இவங்க உங்க அம்மாவா?" என்று கேட்டாள். விளக்கு அணைந்தது, விரல் இறங்கியது, "இல்லை." பகலா இரவா, கட்டிலா நாற்காலியா என்று எதைக் கேட்டாலும் ஒரே அழுத்தலில் பதில் வந்தது. அந்த அம்மா முன்பு எழுதியதைக் கோடு போட்டு அடித்தாள். மூடுவிழாவை இழுத்து வந்து இந்த நாற்காலிக்குப் பின்னால் நிறுத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

"ரொம்ப நல்லாச் சொல்றீங்க. இனிமே எங்க இருக்கறதுன்னு நீங்களே சொல்லலாம்" என்றாள் அந்த அம்மா. "உங்க தங்கச்சி வீட்டுல இருக்க உங்களுக்கு விருப்பமா?"

நான் சிரித்த முகத்தோடு அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. விரல் எழுந்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது. இறங்கியது.

"இல்லை" என்றது பெட்டி.

"விரல் சரியாப் பட்டிருக்காது" என்றேன். "இன்னொரு தடவை கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று என் காதில் விழுந்தது. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் இன்னொரு தடவை கேட்டாள். எல்லோரும் காத்திருந்தோம். அக்காவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. விளக்கு அணைந்திருந்த பெட்டியின் மேல் விரல் இறங்கியது.

"இல்லை."

"உங்க வீட்டுக்காரரோடயே இருக்கீங்களா?"

"ஆமாம்."

அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பொத்திய கைக்குள்ளும் ஏதோ பேசிக்கொண்டேதான் இருந்தார். அக்கா விரலை இழுத்து இழுத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் வைத்தாள். "சத்தம் போடாதே" என்றது பெட்டி. அவர் அழுகைக்கு நடுவே சிரித்தார். அவள் வாயோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

யார்மேல் பழி போடலாம் என்று கொஞ்ச நேரம் நான் உண்மையாகவே தேடினேன். கேபிள் இல்லை. கட்டைவிரல் இல்லை. மூடுவிழா எழுதிய ஒரு வரிகூட அந்தப் பெட்டியில் மிச்சம் இல்லை. எல்லாம் நான் எழுதியது, எல்லாம் சரியாக வேலை செய்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பு ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். அந்த வெள்ளை அறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, ஒரு சத்தம் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இங்கேயே இருந்துடறியா அக்கா என்று கேட்பேன். விரல் எழும், இறங்கும், பெட்டி பேசாது. களைப்பாக இருக்கிறாள் என்று போர்வையை இழுத்துவிட்டு அறை விளக்கை அணைத்துவிடுவேன். அந்த விரல் எந்தப் படத்தின் மேல் இறங்கியது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் குனிந்து பார்த்ததில்லை.